புழக்கடைப் பட்டறை

உழவருக்கு வயல் எத்தகையதோ, கைத்தொழிலாளருக்குப் பட்டறை அத்தகையது. நம் நாட்டில் தொழிலும் இல்லமும் நெடுங்காலமாக ஒன்றையொன்று ஒட்டியே இருந்து வந்துள்ளன. நெசவாளர் வீட்டுக் கூடத்தில் தறி இருக்கும். குயவர் வீட்டு முற்றத்தில் சக்கரம் சுழலும். தச்சர் வீட்டுப் புழக்கடையில் உளியின் ஓசை கேட்கும். ஆயினும், கூரையும் தளமும் செவ்வையாக அமையாத இடத்தில் தொழில் செம்மையாக நடைபெறாது. மழை பெய்தால் வேலை நின்றுவிடும்; அன்றைய வருவாயும் போய்விடும். கடும்வெயில் பட்டால் இழைத்து வைத்த பலகை கோணிக்கொள்ளும். தரை மேடும் பள்ளமுமாக இருந்தால் வேலைப்பலகை ஆடும். பலகை ஆடினால் உளி வழுக்கும். உளி வழுக்கினால் கையில் காயம்படும். ஆகவே, நல்ல பட்டறை தொழிலாளரின் பிழைப்பையும் உடலையும் ஒருங்கே காப்பதாகும். மரத்தூண்களும் கான்கிரீட் தளமும் கொண்ட சிறு பட்டறை ஒன்றை அமைக்கும் முறையை இங்கே ஆராய்வோம்.

எடுத்துக்காட்டாகத் திருவண்ணாமலை நகரை எடுத்துக்கொள்வோம். 814 மீட்டர் உயரமுள்ள மலையின் கீழ்ப்புற அடிவாரத்தில் அந்நகரின் பெருங்கோயில் அமைந்துள்ளது. அதன் கிழக்குக் கோபுரம் பதினொரு நிலைகளும் 217 அடி உயரமும் உடையது. விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கப்பெற்று, தஞ்சை நாயக்க மன்னர் செவ்வப்பர் காலத்தில் நிறைவுற்றது. உள்ளே ஆயிரங்கால் மண்டபத்தின் கருங்கல் தூண்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. இவை கல்தச்சரின் பெருமையைக் கூறுவன. மரத்தச்சரின் பெருமையும் இதற்குக் குறைந்ததன்று. கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாளில் மாடவீதிகளில் அசைந்து வரும் தேர்களே அதற்குச் சான்று.

கல்லால் கட்டத் தொடங்குமுன் நம் முன்னோர் மரத்தால் கட்டினர். ஏழாம் நூற்றாண்டில் மாமல்லபுரத்தில் ஒற்றைக்கல்லில் செதுக்கிய இரதங்களை உற்று நோக்குவோர், மரக்கட்டடத்தின் சட்டங்களையும் கூரை வளைவுகளையும் கல்லிலே காண்பர். கற்சிற்பிக்கு மாதிரியாக விளங்கிய அந்த மரக்கட்டடங்களோ இன்று இல்லை. மரம் வலிமையற்றது என்பதுதான் காரணமா? அன்று. பெருந்தேரின் பாரத்தைத் தாங்குவதும் மரமே அன்றோ? மரத்திற்குப் பகை இரண்டு: ஒன்று ஈரம்; மற்றொன்று கறையான். இவ்விரு பகையும் பெரும்பாலும் ஒரே வாயில் வழியாகத்தான் நுழைகின்றன. அவ்வாயில் தூணின் அடியே ஆகும். எனவே, மரக்கட்டடத்தின் ஆயுள் அதன் முகட்டில் இல்லை, அடியில் இருக்கிறது. இவ்வுண்மையை உள்ளத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

திருவண்ணாமலையில் வாழும் தச்சர் ஒருவர் தம் புழக்கடையில் 12 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள பட்டறை ஒன்று கட்ட விரும்புகிறார் எனக் கொள்வோம். இடம் தேர்வதே அவர் செய்ய வேண்டிய முதல் வேலை. 2024-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது அந்நகரில் பெருமழை கொட்டிற்று. டிசம்பர் 1-ஆம் நாள் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து, அடிவாரத்தில் வ.உ.சி. நகர்ப் பகுதியிலுள்ள வீட்டின்மேல் வீழ்ந்தன. ஏழு உயிர்கள் மாய்ந்தன. எத்துணை உறுதியான தூணாயினும் சரியும் மலையைத் தாங்காது. ஆதலின், செங்குத்தான சரிவின் அடியிலும், மழைநீர் ஓடும் வழியிலும் எக்கட்டடமும் எழுப்புதல் கூடாது. சமனான புழக்கடையிலும் ஒரு மழைநாளில் குடை பிடித்துக்கொண்டு நின்று, நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எவ்வழியாக வெளியேறுகிறது என்று பார்த்தல் வேண்டும். நீர் தேங்காத மேட்டைத் தேர்ந்து, பட்டறையின் தளம் சுற்றுத் தரையைவிட ஓரடி உயர்ந்திருக்குமாறு திட்டமிடுதல் நன்று.

இடம் தேர்ந்தபின் நான்கு மூலைகளிலும் முளையடித்து நூல் கட்ட வேண்டும். மூலைகள் செங்கோணமாக அமைந்தனவா என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. மூலையிலிருந்து ஒரு நூலில் 3 அடியும் மற்றொரு நூலில் 4 அடியும் அளந்து குறியிடுக. இரு குறிகளுக்கும் இடைப்பட்ட தூரம் சரியாக 5 அடியாக இருந்தால் மூலை செங்கோணமாகும். வகுப்பில் நீங்கள் படித்த பிதகோரசு தேற்றமே இங்குப் பயன்படுகிறது. இறுதியாக இரு மூலைவிட்டங்களையும் அளந்து பார்க்க வேண்டும். இப்பட்டறைக்கு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 15 அடி 7½ அங்குலம் இருக்கும். இரண்டும் சமமாக இல்லையாயின் எங்கோ பிழை உண்டு. இப்பொழுதே அதைத் திருத்துவது நூலை நகர்த்தும் அளவு எளிது. கூரை ஏறியபின் திருத்துவது அரிது.

அடுத்து, தூணுக்குரிய மரம். மரத்தைக் குறுக்கே அறுத்தால் நடுவில் நிறம் மிகுந்த வைரப்பகுதியும், அதனைச் சுற்றி வெளிறிய பகுதியும் தோன்றும். வெளிற்றுப் பகுதி மரம் உயிரோடிருந்தபோது நீரை மேலே கொண்டு சென்ற பகுதியாகும். அதிலே மாவுப்பொருள் மிகுதி. ஆதலால் பூச்சிகள் அதனை விரும்பி உண்ணும். வைரப்பகுதியில் பூச்சிக்கு ஒவ்வாத பொருள்கள் படிந்திருக்கும். தேக்கு, வேங்கை முதலியவற்றின் வைரம் தூணுக்கு ஏற்றது. பனை இதற்கு நேர்மாறானது. அதன் வைரம் புறத்தே உள்ளது, அகம் சோற்றுப் பகுதியாகும். தொல்காப்பியர் இவ்வேறுபாட்டைக் கண்டே, அகத்தில் வைரமுள்ளவற்றை மட்டும் மரமெனக் கொண்டு, பனை போல்வனவற்றைப் புல்லினத்தில் சேர்த்தார். எம்மரமாயினும் நன்கு உலர்ந்திருத்தல் வேண்டும். பச்சைமரத்தில் செய்த தூண் உலரும்போது சுருங்கி முறுக்கிக்கொள்ளும், இணைப்புகளும் தளர்ந்துவிடும்.

இனித் தூணை நிறுத்தும் முறையைக் காண்போம். குழி தோண்டித் தூணை அதில் நட்டு மண்ணைக் கெட்டிப்பதே எளிய வழி. பந்தற்காலுக்கு அது போதும். ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டிய தூணுக்கு அது பொருந்தாது. மரத்தை உளுக்கச் செய்வது ஒருவகைப் பூஞ்சை. அது வாழ ஈரமும் காற்றும் இரண்டும் வேண்டும். மரத்தின் உலர்ந்த எடையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்குக்குக் குறைவாக ஈரம் இருந்தால் பூஞ்சை வளராது. காற்றே புகாவிடினும் வளராது. பாடலிபுத்திரத்தில் மௌரியர் காலத்து மரமதிலின் பகுதிகள் ஈரமண்ணில் ஆழப் புதைந்து, ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அழியாமல் கிடைத்தன. காற்று புகாமையே அதற்குக் காரணம். ஆனால் நட்ட தூணின் தரைமட்டப் பகுதியில் மண்ணின் ஈரமும் வெளியின் காற்றும் ஒன்றுகூடுகின்றன. அதனால் மேலே உறுதியாகத் தோன்றும் தூண் தரைமட்டத்தில் உளுத்து, ஒருநாள் காற்றில் முறிகிறது.

இவ்வுண்மையை ஜப்பான் நாட்டு மரக்கட்டடங்கள் நன்கு விளக்கும். அங்கு இசே என்னுமிடத்து ஆலயத்தில் தூண்களைப் பண்டை மரபுப்படி மண்ணிலேயே ஊன்றுகின்றனர். 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை அவ்வாலயத்தைப் புதிதாக எழுப்புவது அவர்தம் சமய வழக்கம். 2013-ஆம் ஆண்டிலும் அவ்வாறே எழுப்பினர். நாரா நகரின் அருகேயுள்ள ஹோரியூஜி என்னும் பௌத்தப் பள்ளியின் தூண்களோ கல்லின்மேல் நிற்கின்றன. ஏறத்தாழ 1,300 ஆண்டுகளாக அவை நிலைத்துள்ளன. அப்பள்ளியின் ஐந்தடுக்குக் கோபுரத்தில் நடுமரம் ஒன்று மட்டும் மண்ணுள் புதைக்கப்பட்டிருந்தது. பிற்காலத்தில் ஆராய்ந்தபோது, புதைந்திருந்த அடிப்பகுதி உளுத்துப்போய் வெறும் குழியே எஞ்சியிருக்கக் கண்டனர். ஒரே இடத்தில், ஒரே காலத்தில் கட்டியவற்றுள் கல்லின்மேல் நின்ற மரம் பிழைத்தது; மண்ணில் புகுந்த மரம் மடிந்தது. நம் செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்குத் தூண்களைக் கல்லின்மேல் நிறுத்தியிருப்பதும் இவ்வறிவின் பயனேயாகும்.

நம் தச்சரும் இவ்வழியையே பின்பற்றுவார். நீளப் பக்கம் ஒவ்வொன்றிலும் மூன்றாக, 6 அடி இடைவெளியில் ஆறு தூண்கள் நிற்கும். ஒவ்வொரு தூணுக்கும் ஒன்றரை அடிச் சதுரமும் இரண்டரை அடி ஆழமும் உள்ள குழி தோண்டி, அடிமண்ணைத் திமிசுக்கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். குழியினின்று கான்கிரீட்டால் பீடம் எழுப்பி, அதன் தலையில் கருங்கல் ஒன்றைப் பதிக்க வேண்டும். அக்கல் பட்டறைத் தளத்தைவிட 6 அங்குலம் உயர்ந்திருத்தல் நலம். திருவண்ணாமலையில் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை.

கல் உயர்ந்திருப்பதால் இரண்டு நன்மைகள் உண்டு. அகல்விளக்கின் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல, மண்ணிலுள்ள நுண்துளைகள் நீரை மேலே இழுக்கின்றன. செங்கல்லும் இவ்வாறே ஈரத்தை உறிஞ்சும். இறுகிய கருங்கல்லில் நுண்துளைகள் மிகக் குறைவு; ஆகவே ஈரம் எளிதில் ஏறாது. மரத்தின் குறுக்குவெட்டு முகம் நீரை விரைந்து குடிக்குமாதலால், தூணின் அடிமுகத்தில் தாரைக் காய்ச்சிப் பூசுவதும் இன்றியமையாதது. மற்றொரு நன்மை கறையான் பற்றியது. கறையான் வெளிச்சத்தில் நடமாடாது. மண்ணால் குழாய்போல் வழி அமைத்துக்கொண்டு அதனுள்ளேயே செல்லும். தூண் மண்ணில் புதைந்திருந்தால் அது வருவதே தெரியாது. கல்லின்மேல் ஏறினால் மண்குழாய் கண்ணுக்குத் தெரிந்துவிடும், உடனே கலைத்துவிடலாம். கல் கறையானை முற்றிலும் தடுப்பதில்லை. ஒளிந்து வரும் பகையை வெளிப்படுத்திக் காட்டுகிறது. வாரம் ஒருமுறை பார்க்கும் கண் இருந்தால்தான் அக்கல்லால் பயனுண்டு.

கல்லின்மேல் வெறுமனே நிற்கும் தூண் நழுவாதா என நீங்கள் வினவலாம். நழுவும், காற்றடித்தால் கூரையோடு எழும்பவும் கூடும். புயற்காற்று கூரையைக் கீழ்நோக்கி அழுத்துவது மட்டுமன்று, மேல்நோக்கி உறிஞ்சவும் செய்கிறது. எனவே, பீடத்தில் கான்கிரீட் இடும்போதே தடித்த இரும்புப் பட்டைகள் இரண்டைப் பதித்து, அவற்றின் நடுவே தூணை நிறுத்தி, திருகாணியால் பிணைத்தல் வேண்டும். தூண் நேராக நிற்கிறதா என்பதைத் தூக்குக்குண்டு கொண்டு இரு பக்கங்களிலும் பார்க்க வேண்டும். தூண்தலையில் கழுந்து செதுக்கி, உத்திரத்தில் துளையிட்டு, ஒன்றினுள் ஒன்று இறங்குமாறு பொருத்துவது தச்சர் மரபு. நான்கு குச்சிகளால் சதுரம் ஒன்று செய்து மூலையைத் தள்ளிப் பாருங்கள், அது சாய்ந்துவிடும். மூன்று குச்சிகளால் முக்கோணம் செய்து தள்ளினால் சாயாது. இதனால்தான் தூணும் உத்திரமும் கூடுமிடத்தில் சாய்வான கைத்தாங்கி ஒன்றைப் பொருத்துகின்றனர். அச்சிறு மரம் முக்கோணத்தை உண்டாக்கிப் பட்டறை முழுவதையும் ஆடாமல் காக்கிறது.

உத்திரங்களின்மேல் கைமரங்களும் சட்டங்களும் ஏறும். அவற்றின்மேல் ஓடு வேயலாம். 1865-ஆம் ஆண்டு பாசல் மிஷன் மங்களூரில் தொழிற்சாலை தொடங்கியபின் மங்களூர் ஓடு தென்னாடெங்கும் பரவியது. ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் அவ்வோடு வெயிலையும் மழையையும் நன்கு தாங்கும். கூரையின் இறவாரம் தூண்களுக்கு வெளியே இரண்டடி நீண்டிருத்தல் வேண்டும். மழைச்சாரல் தூணின் அடியை நனையாமல் காப்பது இறவாரமேயாகும். கூரையை முதலில் முடித்துத் தளத்தைப் பின்னர் இடுவது அறிவுடைமை. வெயில் மிகுந்த ஊரில் புதுத்தளத்திற்கு நிழல் பெருந்துணையாகும்.

இனித் தளத்திற்கு வருவோம். முன்னாளில் சுண்ணாம்புக் காரையோடு கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்துத் தளமிட்டனர். 1824-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்னும் கொத்தனார் போர்ட்லண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் சிமெண்டு செய்யும் முதல் முயற்சி 1904-ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்றது. சிமெண்டு, மணல், ஜல்லி, நீர் ஆகிய நான்கும் சேர்ந்ததே கான்கிரீட். இதனைக் கற்காரை என்றும் வழங்குவர். ஜல்லி இதன் எலும்பு. மணல் ஜல்லியின் இடைவெளிகளை நிரப்பும். சிமெண்டுப் பசை மணலின் இடைவெளிகளை நிரப்பி அனைத்தையும் ஒட்டும்.

கான்கிரீட் நசுக்கும் விசையை நன்கு தாங்கும். இழுக்கும் விசையையோ அதில் பத்திலொரு பங்களவே தாங்கும். அடியிலுள்ள மண் ஓரிடத்தில் உள்வாங்கினால் தளம் வளைய முற்படும். வளையும்போது அதன் கீழ்ப்புறம் இழுபட்டு வெடிக்கும். ஆகவே, தளத்தின் வலிமை தளத்தில் மட்டும் இல்லை. அதனடியில் உள்ள படுகையிலும் இருக்கிறது. மேல்மண்ணை வேரும் தழையும் இல்லாமல் நீக்கி, சரளைமண்ணைச் சிறு சிறு படலமாகக் கொட்டி, நீர் தெளித்து, ஒவ்வொரு படலத்தையும் திமிசால் இடிக்க வேண்டும். ஓரடி மண்ணை ஒரே முறையில் கொட்டி மேலே மட்டும் இடித்தால், அடியில் இறுகாத மண் பின்னர் அமுங்கித் தளத்தை வெடிக்கச் செய்யும்.

12 அடி நீளம், 10 அடி அகலம், 4 அங்குலக் கனமுள்ள தளத்தின் கன அளவு 40 கன அடி. சிமெண்டு ஒரு பங்கு, மணல் இரு பங்கு, ஜல்லி நான்கு பங்கு என்னும் கலவையில், 50 கிலோ கொண்ட சிமெண்டு மூட்டை ஏழுக்குச் சற்று மேலும், மணல் ஏறத்தாழ 18 கன அடியும், ஜல்லி 35 கன அடியும் வேண்டும். பொருள்களின் கூட்டுத்தொகை 40 கன அடியைவிட மிகுந்திருப்பதைக் கண்டு வியக்க வேண்டா. ஜல்லியின் இடையே மணலும் மணலின் இடையே சிமெண்டும் புகுந்துகொள்வதால் அளவு குறைகிறது. மணலை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் மண் ஒட்டுதல் கூடாது. மூட்டை ஒன்றுக்கு 25 முதல் 28 லிட்டர் வரை நீர் போதும். கிளறுவதற்கு எளிதென்று நீரை மிகுதியாக ஊற்றுவோர் உண்டு. மிகுந்த நீர் பின்னர் ஆவியாகிப் போகும். அது இருந்த இடமெல்லாம் துளைகளாகும். வேலை எளிதாகும், தளமோ வலுவிழக்கும்.

12 அடி நீளத்தையும் ஒரே பரப்பாக இடாமல், நடுவில் இணைப்புவிட்டு இரு பகுதிகளாக இடுதல் வேண்டும். கான்கிரீட் உலரும்போது சிறிது சுருங்கும். இணைப்பு இருந்தால் வெடிப்பு அந்த நேர்கோட்டிலேயே அடங்கிவிடும். தூணின் பீடத்தைச் சுற்றியும் அவ்வாறே மெல்லிய இடைவெளி விட வேண்டும். பீடமும் தளமும் வெவ்வேறு அளவில் அமுங்குவன. இரண்டையும் ஒட்டிவிட்டால் ஒன்று மற்றொன்றை உடைக்கும். நீர் வழிந்தோடுமாறு வாயில் பக்கமாக அடிக்கு அரைக்கால் அங்குலம் சாய்வு கொடுத்து, மட்டப்பலகையால் இழுத்துச் சமன்செய்து, கரணையால் தேய்த்தல் வேண்டும். மிகவும் வழவழப்பாக்கினால் மரத்தூள் படிந்து கால் வழுக்கும். ஆதலின் சற்றுச் சொரசொரப்பாக விடுவதே பட்டறைக்கு ஏற்றது.

தளம் இட்டாயிற்று, மறுநாளே நடக்கலாம் போல் இறுகியும்விட்டது. ஆனால் வேலை இன்னும் முடியவில்லை. சிமெண்டு இறுகுவது ஈரம் உலர்வதனால் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. சிமெண்டு நீரோடு வேதியியல் முறையில் கூடிப் புதிய பொருளாக மாறுவதனாலேயே இறுகுகிறது. நீர் உலர்ந்துவிட்டால் அம்மாற்றம் பாதியில் நின்றுவிடும். ஆகவே, ஓரங்களில் களிமண்ணால் வரப்பு அமைத்துத் தளத்தின்மேல் பாத்திபோல் நீரைத் தேக்கி வைக்க வேண்டும். ஏழு நாட்களேனும் இவ்வாறு செய்தல் கட்டாயம். கோடையில் பத்து நாட்கள் செய்வது நன்று. ஏழு நாட்களில் தளம் தன் வலிமையில் ஏறத்தாழ மூன்றிலிரண்டு பங்கைப் பெறும். 28 நாட்களில்தான் கணக்கிட்ட வலிமையை எய்தும். இந்நாட்களில் பார்ப்பதற்கு எவ்வேலையும் நடப்பதாகத் தெரியாது. ஆயினும் தளம் உரம் பெறுவது இந்நாட்களிலேயாம்.

மாணவர்களே! பட்டறை முடிந்தபின் காண வருவோர் இழைத்த தூணையும், சிவந்த ஓட்டையும், சமனான தளத்தையும் கண்டு பாராட்டுவர். குழியின் அடியில் மண்ணை எத்தனை முறை இடித்தார் என்பதை எவரும் கேளார். தூணின் அடிமுகத்தில் தார் பூசினாரா என்பதை எவரும் குனிந்து பாரார். பத்து நாட்கள் நீர் தேக்கியதை அறிந்தவர் வீட்டாரே. ஆனால் மழையும் காற்றும் கறையானும் மேற்பூச்சைப் பார்த்து ஏமாறுவன அல்ல. அவை நேரே அடிக்குச் சென்று சோதிக்கும். பிறர் காணாத இடத்தில் குறைவைத்த வேலை அச்சோதனையில் வீழ்கிறது. அவ்வாறு வீழும்போது அதன்கீழ் நின்று தொழில் செய்யும் மனிதரின் உயிருக்கே கேடு விளைகிறது. காணாத இடத்திலும் செம்மையாகச் செய்த வேலையோ செய்தவரின் மக்களுக்கும் நிழல் தருகிறது. கைத்தொழிலின் அறம் இதுவே. நீங்கள் எத்தொழிலை மேற்கொண்டாலும் இவ்வறத்தை மறவாது போற்றுவீர்களாக.